கனெக்‌ஷனை எண்ணினால் போதுமா?



எத்தனை குடும்பங்களுக்குக் கேஸ் கனெக்‌ஷன் கொடுத்தோம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அந்த வீடுகளில் விறகடுப்பு அணைந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். சிலிண்டர் உள்ள வீட்டிலேயே கொல்லைப்புறத் தகரச் சாய்ப்பில் வெந்நீர் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். எரிப்பது சீமைக்கருவேல விறகு, தென்னை மட்டை, காய்ந்த பாளை. மழை பெய்தால் எல்லாமே ஈரம். ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து இருமுகிற பெண்கள், டீ போடவும் அவசரத்துக்கும்தான் கேஸைப் பற்றவைக்கிறார்கள். சிலிண்டருக்கு 800 ரூபாய்க்கு மேல் ஒரே நேரத்தில் புரட்ட முடியாத வீட்டில் வேறென்ன செய்வார்கள்? கணக்கெடுப்பவரோ, முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டு, 'கேஸ்' என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்.

வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இந்த மதிப்பீடுகளுக்கு அடிப்படையே, யார் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்ற கணக்குதான். அது தப்பினால் எல்லாம் தப்பும். பாதிப்பு நம் மாநிலத்திலேயே தெரிகிறது: திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது.

எங்கள் ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். பஞ்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து அடுப்பின் முன் உட்காரும் பெண்ணுக்கு மூச்சிரைத்தால், பஞ்சுத் தூசி என்று முடித்துவிடுகிறார்கள். தூசி எவ்வளவு, புகை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார் இல்லை. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி மட்டுமே உள்ளன. அங்கும் கருவி நிற்பது வெளியில். சமையலறைக் காற்றை அது அளக்காது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் 2021 முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல பணி. அவர்களே, வீட்டில் எத்தனை அடுப்பு, தினமும் எவ்வளவு நேரம் எரிகிறது, வருடத்துக்கு எத்தனை சிலிண்டர் வாங்குகிறார்கள் என்றும் கேட்டு எழுதட்டும். நாள்பட்ட இருமல் உள்ள பெண்களுக்கு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்யட்டும். அந்தக் கணக்கை விருதுநகர் மாவட்ட நிர்வாகம் தாலுகா வாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
இராஜபாளையம்.