மூன்று வாரக் கணக்கு

கொள்ளை நோயொன்று நாட்டினுள் புகுந்துவிட்டால் அதைப் பற்றிய பேச்சே எங்கும் நிறைந்துவிடும். அதற்கு முன்னரே வேறொரு நோயோடு போராடிக்கொண்டிருப்பவர் அவ்வேளையில் என்ன செய்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கடைகள் அடைபட்டன, பள்ளிவாசல்களில் தொழுகை நின்றது. ஆனால், மார்பகப் புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கொருமுறை மருந்தேற்றி வந்த பெண்களின் நாட்காட்டி மட்டும் எவருக்காகவும் நிற்கவில்லை.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற நமது கரையூர்களில் வீடு பெரும்பாலும் பெண்மக்களுக்கே சேர்வது வழக்கம். தாயும் மகளும் ஒரே வளவில் வாழ்வர். ஆதலால் இத்தகைய முடிவுகள் அடுப்படியிலேதான் பிறக்கும். அந்நாட்களில் எத்தனையோ வீடுகளில் இவ்வாறு பேச்சு நடந்திருக்கலாம்:

“மகள், இந்தத் தரம் போகாம விடுவமே. ஊரெல்லாம் அடைச்சிக் கிடக்கு. ஆசுபத்திரிக்குப் போய் அந்த வருத்தத்தையும் வாங்கிக்கிட்டு வரவா?”

“டொக்டரக் கேக்காம நாம எப்படி உம்மா விடுற?”

தாயின் அச்சம் மூடத்தனமன்று. தொற்று நோயாளர் வந்துபோகும் இடத்துக்கு, உடல் நலிந்த ஒருவர் அடிக்கடி செல்வது நல்லதன்று என்பது உண்மையே. ஆயினும் மகளின் கேள்வியே சரியான கேள்வி. ஏனெனில் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகள் யாவும் ஒரே தன்மையன அல்ல.

கீமோ எனப்படும் இரசாயன சிகிச்சை விரைந்து பெருகும் கலங்களைத் தாக்குவது. புற்றுக் கலம் விரைந்து பெருகுகின்றது. எலும்பு மச்சையில் வெண்குழியங்களை உண்டாக்கும் கலங்களும் அவ்வாறே பெருகுகின்றன. மருந்து இரண்டையும் அடிக்கும். வெண்குழியங்கள் குறைந்த நாட்களில் தொற்று நோய் அணுகுமாயின் ஆபத்துப் பெரிது. நம் வீடுகளில் ‘புற்றுநோய் மருந்து உடம்பை வெறுமையாக்கும்’ என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

ஆனால் ட்ராஸ்டுசுமாப் என்னும் மருந்து வேறு வகுப்பைச் சேர்ந்தது. அது ஒரு பிறபொருளெதிரி. விஞ்ஞான பாடம் படிக்கும் மாணவருக்கு இச்சொல் புதிதன்று. மார்பகப் புற்றுநோயாளரில் ஏறக்குறைய ஐந்திலொருவருக்கு, அல்லது அதனினும் சற்றுக் குறைவானோருக்கு, புற்றுக் கலத்தின் மேற்பரப்பில் ஹெர்-2 எனப்படும் வாங்கிகள் அளவுக்கு மிஞ்சிக் காணப்படும். ‘பெருகு, பெருகு’ என்று கலத்தை ஓயாது ஏவுபவை அவை. மருந்து அந்த வாங்கியில் சென்று ஒட்டிக்கொண்டு ஏவலை அடக்குகின்றது. உடலின் காவற்கலங்களுக்கும் இன்ன கலமே பகையென்று காட்டிக்கொடுக்கின்றது. ஹெர்-2 மிகுந்தால் நோய் மூர்க்கமடையும் என்பதை அமெரிக்க வைத்தியர் டெனிஸ் ஸ்லேமன் குழுவினர் 1987இல் எடுத்துரைத்தனர். 1998இல் மருந்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

சிகிச்சையின் முற்பகுதியில் இதனோடு கீமோவும் சேர்ந்து வரும். அது முடிந்தபின் பல மாதங்கள் இம்மருந்து தனித்தே ஏற்றப்படும். அவ்வாறு தனித்து ஏற்றும் காலத்தில் அது வெண்குழியங்களைக் கீமோவைப் போலக் குறைப்பதில்லை. 2020இல் பல நாட்டுப் புற்றுநோய் நிபுணர்கள், நோயைத் தீர்க்கும் நோக்கத்தோடு தொடங்கிய இச்சிகிச்சையைத் தொடருமாறு கூறியதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் பலமுறை கேட்ட ‘மருந்தை நிறுத்தினால் உடம்பு தேறும்’ என்ற வாதம் இங்கே செல்லாது.

அப்படியானால் ஒரு நாளேனும் பிந்தக்கூடாதா? அத்தனை கடுமையும் இல்லை. ஏற்றிய மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு வாரங்கள் செல்லும். ஆகவே இரண்டொரு நாள் பிந்துவதால் குடி முழுகிவிடாது. ஆனால் குறித்த நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கும் அதிகமாகப் பிந்தினால், அடுத்த முறை வழக்கமான அளவு போதாது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்பதற்குப் பதிலாக, முதன்முதல் ஏற்றியதுபோல் 8 மில்லிகிராம் ஏற்றித் தொடங்கவேண்டும். வீட்டிலிருந்தபடியே இரண்டு தரம் விட்டுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மூன்றாந் தரம் போய் நிற்பவர் இதைச் சொல்லாமல் மறைத்தால் நட்டம் அவருக்கே.

பொதுவாக இம்மருந்தை ஓராண்டு ஏற்றுவர். 4,000 பெண்களுக்கு மேல் பங்குகொண்ட பிரித்தானிய ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. ஆறு மாதமும் பெரும்பாலும் ஓராண்டுக்கு ஈடாகலாமென அது காட்டிற்று. பிரெஞ்சு ஆய்வொன்று அவ்வாறு காட்டத் தவறிற்று. தொற்றுக் காலத்தில் ஆபத்துக் குறைந்த சிலருக்கு ஆறு மாதத்தோடு நிறுத்தலாமா என்று வைத்தியர்கள் ஆலோசித்ததுண்டு. ஆனால் அது கட்டியின் அளவையும் நிணநீர்க் கணுக்களையும் பார்த்து வைத்தியர் செய்யும் கணக்கு. அடுப்படியில் செய்யும் கணக்கன்று.

இன்னுமொன்று சொல்லவேண்டும். இம்மருந்து சிலருக்கு இதயத்தின் வலிமையைக் குறைக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அது மீளும். இதற்காகவே மூன்று மாதத்துக்கொருமுறை எக்கோ பரிசோதனை செய்கின்றனர். தொற்றுக் காலத்தில், முன்னைய எக்கோ நன்றாயிருந்து இதயக் குறையேதும் இல்லாதவருக்கு அதைச் சற்றுத் தள்ளிப்போட இடமிருந்தது. ஆனால் மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு, கால்வீக்கம், நிமிர்ந்து படுக்க முடியாமை ஆகியவை வந்தால் ‘இது கொரோனாவோ’ என்று மட்டும் எண்ணி அறைக்குள் ஒதுங்குவது தவறு, இதயத்தையும் பார்க்கவேண்டும். முதல் ஊசி ஏற்றிய நாளில் குளிரும் காய்ச்சலும் வருவதும் மருந்தின் இயல்பே. எனினும் கீமோவும் சேர்ந்து நடக்கையில் காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால், காரணம் எதுவாயினும், உடனே வைத்தியசாலை செல்லவேண்டும்.

இனி நமது கரைக்கே உரிய தடைகளுக்கு வருவோம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அக்கரைப்பற்றார்க்கு 60க்கும் மேல். பெரியநீலாவணையைக் கடந்தால் வேறு மாவட்டம். அந்நாட்களில் கிளினிக் நோயாளர் சிலரின் குளிசைகளைத் தபாற்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தனர். அது நல்ல ஏற்பாடு. ஆனால் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்துக் காத்து, தாதியொருவர் பக்கத்தில் நின்று நாளத்தில் ஏற்றும் மருந்தைத் தபாலில் அனுப்புவது எங்ஙனம்? நோயாளியே மருந்திடம் போகவேண்டியிருந்தது. பிரித்தானியா போன்ற நாடுகளில் தொடையில் சில நிமிடங்களில் போடும் வகை ஊசியைத் தாதியர் வீடு சென்று போட்டனர். அவ்வசதி எல்லா நாட்டுக்கும் எட்டவில்லை.

வைத்தியசாலை செல்பவரின் கிளினிக் கொப்பியே ஊரடங்கு அனுமதியாகக் கொள்ளப்பட்டது. எனினும் 2020 நவம்பரில் அக்கரைப்பற்றும், டிசம்பர் இறுதியில் கல்முனையின் சில பகுதிகளும் தனிமைப்படுத்தப்பட்டபோது, கொப்பி கையிலிருந்தும் கால் எழாதவர் இருந்தனர். அதற்குக் காரணம் வீதித்தடை மட்டுமன்று. கொரோனாவால் இறந்தவரின் உடலை எரிப்பதே கட்டாயமென 2020 ஏப்ரில் 11இல் வர்த்தமானி வெளிவந்தது. அடக்கம் செய்வதையும் உலக சுகாதார ஸ்தாபனம் அனுமதித்திருக்க, இங்கே அதற்கு இடமில்லாதுபோயிற்று. ‘ஆசுபத்திரியில் மௌத்தானால் ஜனாஸா என்னாகும்’ என்ற அச்சம் நோயின் அச்சத்தினும் பெரிதாயிருந்தது. அதைப் புரியாமல், மருந்துக்கு வராத பெண்ணை அறியாமை மிக்கவள் என்று கடிந்தோர்மீது நமக்கு வருத்தமுண்டு. 2021 பெப்ரவரி இறுதியில் அவ்விதி மாறி, மார்ச் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கோரிற்று. அதற்கிடையில் தவறிய ஊசிகளை எவரும் எண்ணி வைக்கவில்லை.

கொள்ளை நோய் மட்டுமா வழி மறிக்கின்றது? 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளி வீதி நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. ஆதலால் இம்மருந்து ஏற்றும் பெண் இருக்கும் வீட்டில், நாட்காட்டியில் இருபத்தொரு நாட்களை எண்ணி மையால் வட்டமிடுக. கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் புற்றுநோய்ப் பிரிவின் தொலைபேசி எண்ணையும், கடைசியாக ஏற்றிய திகதியையும், கடைசி எக்கோ எடுத்த திகதியையும் எழுதுக. வழி அடைபடும் அறிகுறி கண்டதும் முதலில் அந்த எண்ணுக்குப் பேசுக. நாளை முன்னேயோ பின்னேயோ நகர்த்துவதை அவர்கள் பார்த்துக்கொள்வர். கொப்பி நனையாதிருக்க அதற்கொரு பிளாஸ்டிக் உறை போடுவதும் நன்று.