கை முந்துகிறதா, திரை பிந்துகிறதா?

பிஜிஎம்ஐ என்ற போன் துப்பாக்கி விளையாட்டை ஆடும் பையன்களிடம், போனின் அசைவால் குறிபார்க்க உதவும் கைரோவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். 'கைரோ இல்லாம ஸ்ப்ரே கன்ட்ரோலே வராதுண்ணா' என்பது ஒன்று. 'என் போன்ல கைரோ டிலே, ஆஃப் பண்ணி வெச்சிட்டேன்' என்பது மற்றொன்று. விளையாட்டும் ஒன்றுதான், வசதியும் ஒன்றுதான். போனைச் சாய்த்துக் குறிபார்ப்பதும், 2006இல் நின்டெண்டோ வீ வந்தபோது கூடத்தில் நின்று ரிமோட்டை வீசி டென்னிஸ் ஆடியதும் ஒரே குடும்பம். பட்டனுக்குப் பதில் கையசைவு. 'நான் அசைத்தது ஒன்று, திரையில் நடந்தது வேறு' என்ற புகாரும் அன்றிலிருந்து மாறவில்லை. ஆனால் அந்தப் புகாருக்குக் காரணமான கோளாறுகள் பல. எது எதனால் என்று பிரித்துப் பார்க்காமல் பழியை மொத்தமாக சென்சார்மேல் போட்டுவிடுகிறோம்.

உண்மையான தாமதத்தை முதலில் பார்க்கலாம். கை அசைந்ததும் சென்சார் அதை அளக்க வேண்டும். புளூடூத் வழியாக அது கருவிக்குப் போக வேண்டும். விளையாட்டு அடுத்த படத்தை வரைய வேண்டும். நொடிக்கு 60 படம் ஓடினால் ஒரு படத்துக்கே ஏறத்தாழ 17 மில்லி விநாடி, 30 ஓடினால் 33. கடைசியில் டிவி அதைக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பல வீடுகளில் நேரம் விரயமாகிறது. படத்தை மெருகேற்ற டிவி செய்யும் வேலைகளுக்கு நேரம் பிடிக்கும். அவற்றை நிறுத்தத்தான் 'கேம் மோட்' இருக்கிறது. அதைத் தொடாமலே ரிமோட்டைத் திட்டுபவர்கள் ஏராளம்.

இன்னொரு தாமதம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. சென்சார் தரும் எண்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும், நம் கையும் நடுங்கும். அப்படியே திரைக்கு அனுப்பினால் குறி துள்ளும். அதனால் கடந்த சில அளவுகளின் சராசரியை எடுத்து மென்மையாக்குகிறார்கள். சராசரி என்றாலே பழைய எண்களும் கலந்திருக்கும், அதனால் குறி கைக்குப் பின்னால் இழுபடும். நடுக்கத்தைக் குறைத்தால் இழுவை கூடும், இழுவையைக் குறைத்தால் நடுக்கம் கூடும். எந்த நிறுவனமும் இதிலிருந்து முழுதாகத் தப்பியதில்லை.

அடுத்தது, சென்சாருக்கு என்னதான் தெரியும் என்ற கேள்வி. முதல் வீ ரிமோட்டில் இருந்தது முடுக்கமானி. அசையாமல் பிடித்திருந்தால் புவியீர்ப்பை வைத்துச் சாய்வைச் சொல்லிவிடும். வீசினாலோ புவியீர்ப்பும் வீச்சும் கலந்துபோய், எது எதுவென்று பிரிக்க அதனால் முடியாது. திரையைச் சுட்டுவதற்கு மட்டும் ரிமோட்டின் முனையில் அகச்சிவப்புக் கேமரா இருந்தது. டிவிமேல் வைக்கும் 'சென்சார் பாரில்' சென்சாரே கிடையாது, அகச்சிவப்பு விளக்குகள் மட்டும்தான். இரண்டு மெழுகுவத்தியை ஏற்றிவைத்தாலும் வேலை நடக்கும். 2009இல் மோஷன் பிளஸ் என்ற இணைப்பின் மூலம் கைரோஸ்கோப் வந்தது. அது அளப்பது திரும்பும் வேகத்தை, திசையை அல்ல. வேகத்தைக் கணத்துக்குக் கணம் கூட்டித்தான் கோணத்தைக் கணக்கிட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பது போன்ற வேலை இது: அடிக்கு ஒரு விரற்கடை பிசகினாலும் நூறாவது அடியில் வாசல் தப்பிவிடும்.

இவ்வளவு குறையுள்ள முடுக்கமானியோடு வந்த வீ ஸ்போர்ட்ஸ் 8 கோடி பிரதிகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலோருக்கு அது மந்தமாகத் தெரியவில்லை. காரணம், அந்த டென்னிஸில் ஆட்டக்காரர் தானாக ஓடிப் பந்தின் அருகே நின்றுகொள்வார். நம்மிடம் கேட்கப்பட்டது, எப்போது வீசினோம் என்பதுதான். அதைச் சொல்ல முடுக்கமானிக்குத் தெரியும். தெரிந்ததை மட்டும் கேட்டார்கள்.

தெரியாததைக் கேட்டால் என்ன ஆகும்? 2010இல் அதே வீயில் வந்த டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸில் உருள்வதற்கு ரிமோட்டைக் குலுக்க வேண்டும். குலுக்கல் என்று கருவி தெரிந்துகொள்ள, குலுக்கல் ஓரளவாவது நடந்து முடிய வேண்டும். வயர், டிவி, புளூடூத் எல்லாம் தாமதமே இல்லாமல் இயங்கினாலும் இந்தக் காத்திருப்பு போகாது. பள்ளத்தின் விளிம்பில் கணம் தவறினால் உயிர் போகும் விளையாட்டில் ஒரு பட்டன் வேலையைக் குலுக்கலிடம் ஒப்படைத்தது வடிவமைத்தவர்களின் பிழை என்பேன். 2013இல் 3டிஎஸ்ஸுக்கு வந்த பதிப்பில் உருளலைப் பட்டனுக்கே கொடுத்துவிட்டார்கள்.

வாளால் சண்டையிடும் ஸ்கைவர்ட் ஸ்வோர்டு (2011) என்ற வீ விளையாட்டு இன்னும் நுட்பமான வழக்கு. மோஷன் பிளஸ் இல்லாமல் அதை ஆடவே முடியாது. நாயகன் லிங்கின் வாள் நம் கையைத் தொடர்ந்து வரும், எதிரி எந்தப் பக்கம் தடுக்கிறானோ அதற்கு மாறான பக்கத்தில் வெட்ட வேண்டும். வெட்டுவதற்காகக் கையை ஓங்கினாலே அதையும் வெட்டாக எடுத்துக்கொள்கிறது என்று பலர் குறைப்பட்டார்கள். ஓங்குவதும் ஓர் அசைவு. மனதுக்குள் இருக்கும் நோக்கம் சென்சாருக்கு எப்படித் தெரியும்? எதிரியின் கேடயத்தில் பட்டு வாள் நிற்கும்போது நம் கை காற்றில் போய்க்கொண்டே இருப்பது வேறு. தடுக்க ஒன்றும் இல்லை. கையும் வாளும் பிரியும் அந்த இடத்தை மூளை தாமதம் என்றே உணர்கிறது. 2021இல் ஸ்விட்சுக்கு வந்த மறுபதிப்பில், வேண்டாதவர்கள் வலப்பக்கக் குச்சியாலேயே (ஸ்டிக்) வெட்டிக்கொள்ளலாம் என்று வழிவிட்டார்கள்.

கினெக்ட் (2010) கையில் எந்தக் கருவியும் இல்லாமல் கேமராவால் உடலைப் பார்த்தது. தாமதம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் டான்ஸ் சென்ட்ரல் அதில் இனிமையாக ஓடியது. அடுத்த அசைவு என்ன என்று முன்கூட்டியே காட்டிவிட்டு, ஆடி முடித்த பிறகே மதிப்பெண் போடும் விளையாட்டு அது.

கைரோவில் குறிபார்ப்பது ஏன் நிலைத்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஸ்பிளாட்டூன் என்ற சுடும் விளையாட்டில் பெரிய பக்கவாட்டுத் திருப்பங்களைக் குச்சி பார்த்துக்கொள்ளும், நுண்ணிய திருத்தம் கையசைவுக்கு. எந்தச் சைகையும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; சிறிது அசைந்தால் சிறிது நகரும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் கண் திரையில் இருப்பதால் கை தானே திருத்திக்கொள்ளும், அதிகம் பிசகினால் ஒரு பட்டனில் நேராகிவிடும். பிஜிஎம்ஐயில் துப்பாக்கி மேலே எகிறும்போது போனை லேசாகச் சாய்த்து இறக்குவதும் இதே வேலைதான்.

பிறகு ஏன் சில போன்களில் 'கைரோ டிலே'? மலிவு விலை போன்கள் பலவற்றில் கைரோஸ்கோப் சிப்பே கிடையாது. முடுக்கமானியையும் திசைகாட்டியையும் வைத்து மென்பொருள் ஒப்பேற்றுகிறது. நடுக்கம் மிகுந்த அந்த எண்களைப் பலமாகச் சராசரி செய்தாக வேண்டும், அதனால் குறி இழுபடுகிறது. சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் இழுவை குறையாது, பிசகுதான் பெரிதாகும். ஆகவே கைரோவில் ஆடத்தான் போன் வாங்குகிறீர்கள் என்றால், சென்சார் பட்டியலில் கைரோஸ்கோப்புக்கு முன்னால் 'விர்ச்சுவல்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.