இரக்கமா? மரியாதையா?

பிறர் துன்பத்தைக் கண்டு “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுப் போவதையே ஜனங்கள் பெரிதும் இரக்கம் என்று கருதி வருகின்றார்கள். அது மேலே நின்றுகொண்டு கீழே கிடப்பவனைப் பார்த்துச் சொல்லும் சொல்லேயொழிய வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். இதற்கு 2019-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகின்றோம்.

ஃப்ளோரிடா மாகாணத்து ஆர்லண்டோ நகரில், யுனிவர்சல் கம்பெனியார் 1999-ல் திறந்த ‘ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்’ என்னும் கேளிக்கைப் பூங்கா இருக்கின்றது. அங்கே ‘ஸ்பைடர்மேன்’ பெயரால் ஒரு சவாரி உண்டு. ஆட்டிசம் என்னும் தன்மையுடைய சிறுவன் ஒருவன் அன்றெல்லாம் அந்தச் சவாரிக்காகவே காத்திருந்தான். ஏறப்போகும் சமயத்தில் இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டது. பையன் தரையில் விழுந்து கதறினான்.

இதைப் பிடிவாதம் என்பார் அனேகர். அது அறியாமையேயாகும். ஆட்டிசமுள்ளவர்களில் பலருக்கு ஓசையும், வெளிச்சமும், கூட்டமும் மற்றவர்களைவிட அதிகமாய் உறைக்கும். எதிர்பார்த்த காரியம் திடீரென்று மாறினால் மனம் தாங்காது. அந்நேரத்தில் அதட்டினாலும், ஆயிரம் நியாயம் சொன்னாலும் பயனில்லை. அமைதியும் அவகாசமுமே வேண்டும்.

அங்கு வேலை பார்த்த ஒரு பெண்மணி என்ன செய்தார்? பையனைப் பிடித்துத் தூக்கினாரா? தாயாரைக் கண்டித்தாரா? இல்லை. தாமும் அவன் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டார். வருத்தப்படுவதில் தவறில்லை என்று சொல்லி அழவிட்டார். நிதானமாய் மூச்சுவிடத் துணை செய்தார். வேடிக்கை பார்த்தவர்களைப் படம் பிடிக்க விடாமல் நகர்ந்து போகச் சொன்னார். பையன் தேறினான். தாயார் எழுதி வெளியிட்ட பின்னரே இது உலகத்திற்குத் தெரிந்தது.

இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள் பட்ட பழி கொஞ்சமல்ல. 1943-ல் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து இத்தன்மையை விவரித்தார். அதன் பின் வெகுகாலம் வரை, தாயாரின் அன்புக் குறைவே காரணம் என்று படித்த வைத்தியர்களே சொல்லி வந்தார்கள். 1977-ல் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து, பிறவி அமைப்பே பெரிதும் காரணம் என்று காட்டினார்கள். ஆராய்ச்சி பழியைத் துடைத்தது. ஆனால் தெருவிலே முறைத்துப் பார்க்கின்றவர்களின் கண்ணை யார் துடைப்பது?

தோழர்களே! அந்தப் பெண்மணி வைத்தியரல்லர், சம்பளத்திற்கு உழைப்பவர். பையனைத் தம் உயரத்திற்கு எழுப்பாமல், அவன் கிடந்த இடத்திற்குத் தாம் இறங்கினார். ஊரார் காணும் காட்சிப் பொருளாக ஆக்காமல் அவன் மானத்தையும் காப்பாற்றினார். இதைத்தான் நாம் மரியாதை என்கின்றோம். குழந்தைக்கு மானமேது என்பவர்கள் தங்கள் அழுகையைப் பிறர் படம் பிடிக்கச் சம்மதிப்பார்களா?

ஆகவே, பஸ்ஸிலோ சந்தையிலோ ஒரு பிள்ளை இவ்விதம் விழுந்து கதறக் கண்டால் கூட்டம் கூடாதீர்கள். பெற்றவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று மெல்லக் கேட்டு, இடம் விட்டு நில்லுங்கள். இதற்குப் பணம் வேண்டுமா, பட்டம் வேண்டுமா? கீழே கிடப்பவனும் நம்மைப் போன்ற மனிதனே என்கின்ற எண்ணம் ஒன்றே போதுமானதாகும்.