மாணவன் குரலா, நிர்வாகத்தின் சாட்டையா?

“பேராசிரியர் பாடம் நடத்தும் லட்சணத்துக்கு மாணவனே மார்க் போடட்டும்!” என்கிறார்கள் பல்கலைக்கழக நிர்வாகிகள். கேட்க ஜனநாயகம் போல இருக்கிறது. உண்மை என்ன?

1973ல் அமெரிக்காவில் வெளிவந்தது ஓர் ஆராய்ச்சி. ஒரு நடிகருக்கு ‘டாக்டர் பாக்ஸ்’ என்று பெயர் சூட்டி, நிபுணர் வேஷம் கட்டிப் பேச விட்டார்கள். சிரிப்பு உண்டு, கதை உண்டு, சரக்குதான் இல்லை. அதைப் படத்தில் பார்த்தவர்களில் பல்கலைக்கழகத்தில் கல்வித் தத்துவம் பயின்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் ‘பேஷ்’ என்றே எழுதிக் கொடுத்தார்கள்!

நெல்லா பதரா என்பது தூற்றினால் தெரியும். மூட்டையின் அழகைப் பார்த்தால் தெரியுமா?

அப்படியானால் மாணவன் வாய் மூடிக் கிடப்பதா? கூடவே கூடாது! வகுப்புக்கு வராதவர், புரியாமல் முணுமுணுப்பவர், விடைத்தாளைத் திருப்பித் தராதவர் – இவர்களைப் பற்றி மாணவன் சொல்லாமல் யார் சொல்வது? உரக்கச் சொல்லட்டும்! ஆனால் அந்த மார்க்கைக் கூட்டிக் கழித்து ஆசிரியரின் பிழைப்பையே தீர்மானிப்பது அநியாயம். வேலைக்குப் பயந்தவர் கடினமான பாடத்தைத் தொடுவாரா? தவறு செய்த மாணவனைத் திருத்துவாரா?

கனடாவின் டொரன்டோ நகரில், அன்றைய ரயர்சன் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. பதவி உயர்வுக்கும் வேலை நிரந்தரத்துக்கும் போதனைத் திறனை அளக்க இந்த மார்க்கைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018ல் மத்தியஸ்தர் தீர்ப்பளித்தார். தம் அனுபவத்தைச் சொல்லும் மாணவர் உரிமை பறிபோகவில்லை. சங்கம் பெற்றுத் தந்த நீதி இது!

தோழர்களே! மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம் என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உங்கள் பிள்ளைகள் பேசட்டும். அந்தப் பேச்சைச் சாட்டையாகத் திரிக்க நிர்வாகத்தை விடாதீர்கள்!