இதுவும் ஓர் உத்தியோகமே

ரயில்வே, இல்லையேல் பாங்கு: நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் உத்தியோகங்கள் இவ்வளவே. போதைத் தடுப்பும் ஒரு தொழில்தான். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் பயின்று வந்து, 1980-ல் சென்னையில் இந்நோய்க்கென்றே அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர்கள் பலர் அங்கே பயிற்சி பெற்றனர்.

மத்திய அரசு மானியம் பெறும் மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் பதவி உண்டு. (சம்பளம் சொற்பம், மறைப்பதற்கில்லை.) கொல்கத்தாவில் குடிகாரக் கணவனை அழைத்து வரும் தமிழ்ப் பெண்ணுக்கு வங்க மொழி தெரியாவிட்டால் அவளிடம் யார் பேசுவது? பள்ளிப் பிள்ளை முதல் சிகரெட்டைத் தொடுமுன் எச்சரிப்பது யார்?

சமூகப்பணி படிக்கும் நம் மாணவர்கள் அத்தகைய மையங்களில் களப்பயிற்சி பெறும் மாதங்களில், பஸ் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஏற்கட்டும். ஆண்டு விழாப் பொன்னாடைச் செலவில் பாதி போதும்.