குடும்பப் படத்தில் இல்லாதவர்



2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். படங்களைக் கண்டு நாடு கலங்கியது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்தது. ஆயினும், சங்கிலிப் படங்கள் இரக்கத்தோடு அச்சத்தையும் வளர்த்தன என்பார் மறைந்த நம் நண்பர்.

எனவே அவர் செங்கல்பட்டிலும் மாமல்லபுரக் கடலோரத்திலும், நோயுற்றோரின் இசைவு பெற்று, வலை பின்னும் கைகளையும், பிள்ளைக்குத் தலைவாரும் தாயையும் படமெடுத்து வந்தார். அப்பணியை இன்று நாம் தொடர்கிறோம். (நம் கை நடுங்குவதால் படமும் சற்றே கலங்குகிறது!)

கோவளத்தில் ‘தி பான்யன்’ தொண்டு நிறுவனத்தார் மருத்துவ உதவி அளிக்கின்றனர். மருந்து எட்டும் தொலைவில்தான் உள்ளது. ஆனால் தங்கையின் திருமணப் படத்தில் அக்காள் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் காணாதபடி பின்கட்டில் அமர்த்தப்பட்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் வீடு மந்திரிக்க வரும்போது படக்கருவியும் நம்முடன் வரும். இசைவாளாயின், அவளை நடுவில் நிறுத்துங்கள்.