பூனைக்குச் சோடி தேடுவோருக்கு

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ பாரசீகப் பெட்டைக்குக் கடுவன் தேடுகிறவர், மயிரழகைப் பார்க்க முன் அதன் தாய் தகப்பனை விசாரிக்கவேண்டும். கடல் சூழ்ந்த ஊரில் ஒரே வயிற்றுக் குட்டிகள் இரண்டு வீடுகளில் வளரக்கூடும்; அவற்றை இணைத்தால் மறைந்திருக்கும் குறைகள் குட்டிகளில் வெளிப்படலாம். பாரசீக இனத்தில் சிறுநீரக நீர்க்கட்டி நோய் பரம்பரையாக வருவது. சோடியில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம், ஸ்கேனில் கண்டுபிடித்துவிடலாம். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். நெடுந்தீவில் பேறு சிக்கலானால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கே ஒரு மணி நேரப் படகு. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நினைக்கவே மனம் பதறுகிறது. மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். குட்டிகளை ஏற்க வீடுகள் இல்லையென்றால் சோடி தேடாமல் கருத்தடை செய்துவிடுங்கள்.